ஓடுபாதைச் சாமி

“இது என்ன சாமி?” என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

காலை பத்து மணி இருக்கும். வெயில் அதற்குள் ஜல்லியைச் சுட வைத்திருந்தது. காஞ்சிபுரம் விமான நிலையத்தின் ஓடுபாதையில், நட்டநடுவில், மூன்று செங்கல் அடுக்கிய ஒரு மேடை. மேடைமேல் ஒரு கல். கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சாமந்தி மாலை சாத்தியிருந்தது. கல்லுக்கு முன்னால் சுட்ட மண்ணில் ஒரு பொம்மை. அதற்கு இரண்டு இறக்கை, ஒரு வால், மூன்று சக்கரம், மூக்கில் ஒரு காற்றாடி.

இதெல்லாம் போதாது என்று குதிரையின் கண்ணும் காதும் வேறு இருந்தன. செய்த குயவர் அதுவரை கோயிலுக்குக் குதிரை மட்டுமே செய்து பழகியவர்.

ஊர் ஜனம் அறுபது எழுபது பேர் சுற்றி நின்றார்கள்.  அதிகாரிக்கு ஓரடி பின்னால் நான் நின்றேன். என் கக்கத்தில் ஒரு பதிவேடு. அதில் ‘இறங்கிய விமானங்கள்’ என்ற கட்டத்துக்கு நேரே, பத்து வருஷமாக, மாதம் தவறாமல் ‘இல்லை’ என்று என் கையெழுத்தில் எழுதியிருந்தது.

அந்த ‘இல்லை’களில் ஒன்று பொய். அது எந்த மாதத்து ‘இல்லை’ என்று எனக்கும் அங்கே நின்றிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதவர் அதிகாரி ஒருவர்தான்.

வராததைப் பார்க்கும் உத்தியோகம்

காஞ்சிபுரத்தில் ஏது விமான நிலையம் என்று உள்ளூர்க்காரர்களே என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விமானங்களுக்கே அது தெரியாது.

யுத்த காலத்தில், ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்ற பயத்தில், வெள்ளைக்காரன் கண்ட இடத்தில் எல்லாம் ஓடுபாதை போட்டான். அதில் ஒன்று முசரவாக்கம் தாண்டி, தாமல் போகிற வழியில் விழுந்தது. விளைகிற நிலத்தை எடுத்தார்கள். கிணறுகளை மூடினார்கள். செம்மண்ணும் ஜல்லியும் கொட்டி ரோலர் விட்டு நசுக்கினார்கள். வேலை முடியவும் யுத்தம் முடியவும் சரியாக இருந்தது. ஜப்பான்காரனும் வரவில்லை, போட்டவனும் திரும்பி வந்து பார்க்கவில்லை.

சுதந்திரம் வந்து பல வருஷம் கழித்து, அறுபதுகளின் ஆரம்பத்தில், யாரோ ஒரு புண்ணியவானுக்கு அந்த நிலத்தின் ஞாபகம் வந்தது. ஓர் உத்தரவு போட்டார். இன்றிலிருந்து பத்து வருஷம் ஒரு விமானம்கூட இறங்காவிட்டால், நிலத்தை யாரிடமிருந்து எடுத்தார்களோ அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒன்று இறங்கினாலும் ஓடுபாதை உபயோகத்தில் இருக்கிறது என்று பொருள், நிலம் சர்க்காரிடமே இருக்கும்.

விமானம் வரவில்லை என்பதை யாராவது கூடவே இருந்து பார்த்து எழுத வேண்டுமே. அதற்காக ஓர் எழுத்தர் பதவி உண்டாக்கினார்கள். அந்த எழுத்தர்தான் நான். எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன், பென்ஷன் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் அம்மாவுக்கு இந்த நுணுக்கமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. “எங்காத்துப் பிள்ளைக்கு ஏரோட்ரோம்ல உத்தியோகம்” என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். பெண் கொடுக்க வந்தவர் ஒருவர், “மாப்பிள்ளை பைலட்டா?” என்று வாயைப் பிளந்தார்.

“பைலட்டெல்லாம் இவன்கிட்டதான் வந்து கையெழுத்து வாங்கணும்” என்றாள் அம்மா.

வந்திருந்தால் வாங்கித்தான் இருப்பார்கள். அந்தச் சம்பந்தம்தான் அமைந்தது. கல்யாணமான மறு வாரம் என் மனைவி விமானம் பார்க்க வேண்டும் என்றாள். சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து முசரவாக்கம் வரை மிதித்தேன். ஓடுபாதையில் நாலு எருமையும் ஒரு நாயும் படுத்திருந்தன. 

பட்டில் ஒரு காற்றுத் துணி

விமான நிலையம் என்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று காட்ட ஒரு கம்பத்தில் துணிக் குழாய் கட்டியிருக்க வேண்டும். எங்கள் கம்பத்தில் இருந்தது வெள்ளைக்காரன் கட்டியது. அதில் குழாய் போய் நாடா மட்டும் மிச்சம் இருந்தது. புதுத் துணி கேட்டு ஆறு கடிதம் எழுதினேன். ஏழாவது கடிதத்துக்கு, ‘விமானம் வராத இடத்தில் காற்று எந்தப் பக்கம் அடித்தால் என்ன’ என்ற அர்த்தத்தில் ஒரு பதில் வந்தது.

அந்தச் சமயத்தில் பிள்ளையார்பாளையத்திலிருந்து நெசவுக்காரர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். தறிக்கு ஏற்றும் பாவு நூலை நீட்டத் தெருவில் இடம் போதவில்லை, விடிகாலையிலேயே லாரி வந்துவிடுகிறது, இங்கே நீட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள். எனக்கென்ன ஆட்சேபணை. மறுநாளே பட்டு நூலைக் கட்டி நீட்டினார்கள். நீட்டியதுதான் தெரியும். திறந்தவெளிக் காற்று பாவை ஆளுயரத்துக்குத் தூக்கிப் பின்னிப் போட்டுவிட்டது. சிக்கெடுக்க அன்று சாயங்காலம் வரை ஆயிற்று.

“இது பாவுக்கு ஒத்துவராது சார். ஏரோப்ளானுக்கு வேணா சரியா இருக்கும்” என்றார் அவர்களில் பெரியவர்.

போகும்போது, நெசவில் பழுதான ஒரு முழத் துண்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அரக்குச் சிவப்பு, பச்சைக் கரை. அதைக் குழாயாகத் தைத்துக் கம்பத்தில் கட்டினேன். சுத்தப் பட்டில் காற்றுத் துணி கட்டிய விமான நிலையம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள் யாரோ அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

தனகோட்டி அம்மாள்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை என் மேஜைக்கு முன்னால் ஓர் அம்மாள் வந்து நிற்பார். பெயர் தனகோட்டி. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் இல்லை, பூங்காவனம் என்று ஒரே பெண். ஓடுபாதைக்கு அடியில் போன நிலங்களில் இரண்டு காணி இவர்களுடையது, ஒரு கிணற்றோடு.

“ஏரோப்ளான் எதுனா வந்துச்சா சார்?”

“வரலைம்மா.”

“அப்பாடா” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வார். விமான நிலையத்துக்கு வந்து விமானம் வரவில்லை என்று கேட்டுச் சந்தோஷப்பட்டுப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

தன் நிலம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று ஜல்லிக்கு மேலே நின்றே சொல்வார். மற்றவர் நிலத்தில், விளைச்சலைப் பங்கிடும் வாரத்துக்கு, மல்லாட்டை போடுவார். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். பறித்து வந்து காய வைப்பது மட்டும் தன் நிலத்தின் மேல்தான். அதில் ஒரு பிடிவாதம் இருந்தது.

“இன்னும் ரெண்டு வருசந்தான் சார். கெணத்த தோண்டிட்டா போதும், கூலிக்குப் போவாம பொண்ணு பொழைச்சிக்கும்” என்பார். எனக்கு அந்த அம்மாளைப் பிடிக்கும். அவர் வராத மாதம், போன மாதம் எழுதிய ‘இல்லை’யைக்கூட நான் சரியாகத்தான் எழுதினேனா என்று புரட்டிப் பார்ப்பேன்.

வந்தது ஒரு நாள்

எட்டாவது வருஷம் மாசி மாதம் அது நடந்தது. மதியச் சாப்பாடு முடிந்து, ஆபீஸ் கொட்டகை நிழலில் சாய்ந்திருந்தேன். தனகோட்டி அம்மாள் அலறுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன்.

ஓடுபாதையின் மேற்குக் கோடியில், சத்தமே இல்லாமல், ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோல் தீர்ந்து என்ஜின் நின்றுபோன சின்ன விமானம். அதற்கு நேரே பூங்காவனம், முதுகைக் காட்டிக்கொண்டு, காலால் மல்லாட்டையைத் துழாவிக்கொண்டிருந்தாள். பின்னால் விமானம் வருவது அவளுக்குத் தெரியவில்லை. அம்மா எதற்குக் கத்துகிறாள் என்றும் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து, கூடையை எடுக்கக் குனிந்தாள்.

இறக்கை அவள் முதுகுக்கு மேலே ஒரு முழ உயரத்தில் போயிற்று. குனியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நான் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை. அவள் நிமிர்ந்தபோது விமானம் தூரத்தில் தூசிக்குள் நின்றிருந்தது. “யம்மா, இன்னாமா அது?” என்று கேட்டாள். தனகோட்டி அம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

விமானத்திலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன் இறங்கினான். மெட்ராஸ் பக்கத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்கிறவன். காஞ்சிபுரத்தில் கோபுரத்தைப் பார்த்து இடது பக்கம் திரும்பு என்று அவன் வாத்தியார் சொல்லி அனுப்பியிருக்கிறார். எங்கள் ஊரில் எந்தக் கோபுரம் என்று அவர் சொல்லவில்லை. பையன் ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஒரு தடவை திரும்பியிருக்கிறான்.

சாயங்காலம் வாத்தியார் ஜீப்பில் பெட்ரோலோடு வந்தார். என்னைத் தனியே அழைத்துப்போய், “சார், இது வெளியே தெரிஞ்சா பையன் வாழ்க்கை போயிடும்” என்றார். அவருடைய வாழ்க்கையும் போகும் என்பதை நாகரிகமாக விட்டுவிட்டார். கூடவே தனகோட்டி அம்மாள் வந்து நின்றார்.  என் கையிலிருந்த பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதமும் ‘இல்லை’ என்றே எழுதினேன். கருணையால் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் ஒரு விமானம் இறங்கினால் ஏழு படிவம், ஒவ்வொன்றுக்கும் மூன்று நகல் என்று விதி இருந்தது. என்னிடம் ஒரு படிவம்கூட இருக்கவில்லை. கருணை எவ்வளவு, சோம்பல் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அடுத்த வெள்ளிக்கிழமை, பூங்காவனம் குனிந்த இடத்தில் தனகோட்டி அம்மாள் கல் நட்டார். பெண்ணின் உயிரை விட்டுவைத்துப் போன சாமி அது, வருஷா வருஷம் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். குயவரிடம் சொல்லிப் பொம்மை செய்து வைத்தார். ஆறே மாதத்தில் ஊருக்கே அது சாமியாகிவிட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் கும்பிட்டுப் போனார்கள். மாடு காணாமல் போனால் அங்கே வந்து முறையிட்டார்கள். நானும் காலையில் சைக்கிளை நிறுத்தியதும் அந்தக் குங்குமத்தைத்தான் எடுத்து வைத்துக்கொள்வேன்.

செய்த ஏற்பாடு

பத்தாவது வருஷம் முடிந்ததும் விசாரணைக்கு ஆள் வருவதாகத் தாக்கீது வந்தது. முதல் நாளே நான் ஊருக்குப் போய் எல்லாரையும் கூட்டிப் பாடம் சொன்னேன். ஏரோப்ளான் இறங்கியதா என்று கேட்டால், இல்லை. பார்த்தீர்களா என்றால், பார்க்கவில்லை. ஆறு வயதுப் பிள்ளைகூடத் தப்பில்லாமல் ஒப்பித்தது.

மணியக்காரர் ரொம்பத் தெம்பாக இருந்தார். “நீங்க கவலப்படாம போங்க சார். நாங்க எல்லாத்தையும் ரெடி பண்ணி வெச்சிடறோம்.”

பண்ணித்தான் வைத்திருந்தார்கள். எருமைகளை ஓட்டி, மல்லாட்டையை வாரி, ஓடுபாதையை முழுக்கப் பெருக்கியிருந்தார்கள். பெரிய அதிகாரி ஊருக்கு வருகிறார் என்றால் முதலில் சாமிக்குச் செய்ய வேண்டாமா? விடிகாலையில் கல்லுக்கு மஞ்சள் அரைத்துப் பூசி, மாலை போட்டு, மண் விமானத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்து, சுற்றிலும் கோலமும் போட்டுவிட்டார்கள். எதை மறைக்க வேண்டுமோ அதை அரை மைலிலிருந்தே தெரிகிற மாதிரி அலங்காரம் பண்ணிவிட்டார்கள்.

முந்தின நாள் அத்தனை புத்தி சொன்ன எனக்கும் அந்தக் கல் ஞாபகத்துக்கு வரவே இல்லை. எனக்கும் அது சாமியாகவே பழகிவிட்டது.

கற்பூரம்

“கேக்கறேனே, இது என்ன சாமி?” என்றார் அதிகாரி மறுபடியும். தெற்கத்திக்காரர், குடை பிடித்திருந்தார், குரலை உயர்த்தாதவர்.

“கருடன் சார்” என்றார் மணியக்காரர், திடீரென்று.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீங்க சின்னக் காஞ்சிபுரம்தானே. கருடனா இது?”

வருஷா வருஷம் கருட சேவைக்கு விடியலில் எழுந்து ஓடுகிற குடும்பம் எங்களுடையது. குதிரைக் காதையும் மூன்று சக்கரத்தையும் பார்த்தேன். “ஒரு மாதிரியான கருடன் சார்” என்றேன். என் பாட்டனார் காதில் விழுந்திருந்தால் என்னை வீட்டுக்குள் சேர்த்திருக்க மாட்டார்.

“யார் வெச்சது?”

“நான்தான் வெச்சேன் சாமி” என்றார் தனகோட்டி அம்மாள். பூங்காவனம் அவர் தோளை ஒட்டி நின்றிருந்தாள்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் இந்தக் கோப்பை முடித்துவிட்டுச் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்தது. “சரி. பதிவேட்டுல இல்லைன்னு இருக்கு. ஊரும் இல்லைங்குது. இந்த அம்மா இந்தச் சாமி முன்னால கற்பூரத்தை அணைச்சு, ஏரோப்ளேன் எறங்கலைன்னு சத்தியம் பண்ணட்டும். நான் எழுதிட்டுப் போறேன்” என்றார்.

ஊர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. இவ்வளவுதானா என்று மணியக்காரர் கற்பூரத்தை ஏற்றியேவிட்டார். எனக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு காணி நிலம், அதில் ஒரு கிணறு. என் வேலையும் தப்பிக்கும்.

தனகோட்டி அம்மாள் கையை நீட்டினார். நீட்டிய கை கற்பூரத்துக்கு மேலேயே நின்றது. அவர் கல்லைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். சூடு தாங்காமல் விரல்கள் மடங்கின, ஆனாலும் கையை எடுக்கவில்லை.

“சொல்லும்மா, எறங்கலைன்னு சொல்லு” என்று நான் முணுமுணுத்தேன்.

“எறங்குச்சிங்க” என்றார் தனகோட்டி அம்மாள். “ரெண்டு வருசம் முன்னாடி, மாசி மாசம். இதோ, இந்த எடத்துல.”

 அதிகாரி குடையை மடக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் பென்ஷன், என் பிள்ளைகளின் படிப்பு எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி வந்தன.

தனகோட்டி அம்மாள் கையைக் கற்பூரத்தை விட்டு நன்றாகப் பின்னுக்கு இழுத்து, முந்தானையில் சுற்றிக்கொண்டார். அப்புறம்தான் சொன்னார்: “இந்த சாருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அன்னிக்கி அவரு வேலைக்கே வரல.”

அதிகாரி இரண்டையும் எழுதிக்கொண்டார். விமானம் இறங்கியதால் நிலம் சர்க்காரிடமே இருக்கும். சொல்லாமல் லீவு எடுத்ததற்கு எனக்கு ஒரு எச்சரிக்கை. விமான நிலையத்தின் முழுச் சரித்திரமும் அவ்வளவுதான். அதற்கு முன்னும் பின்னும் அங்கே ஒரு விமானமும் இறங்கியதில்லை.

ஜீப் போன பிறகு ஊர் ஒருத்தர் பின் ஒருத்தராகக் கலைந்தது. தனகோட்டி அம்மாளிடம் யாரும் பேசவில்லை. அவர்களுக்கும் நிலம் போயிருந்ததே. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் கூடவே நடந்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்னைக் காப்பாற்றியவர் மேல்தான் அந்த ஆத்திரம் என்பது எனக்கே வெட்கமாக இருந்தது.

“எனக்காகப் பொய் சொல்லத் தெரிஞ்சுதே, உங்க நிலத்துக்காக ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதாம்மா? பத்து வருஷம் காத்துக்கிட்டிருந்தீங்களே” என்றேன்.

அவர் முந்தானையைப் பிரித்து, சிவந்திருந்த விரல்களை ஊதிக்கொண்டார். முன்னால் கொஞ்ச தூரத்தில் பூங்காவனம் போய்க்கொண்டிருந்தாள்.

“நெலம் போனா கெவுருமெண்டு கிட்ட இருக்குது சார். ஒங்க ஆபீசுக்கு வந்து கேட்டுக்கினே இருப்பேன்” என்றார். “பொண்ணு போனா, எந்த ஆபீசுல போயி கேக்கறது?”